வழி தெரிந்த ஆடுகள் போன பிறகு: வீராணம் பக்கம் ஒரு கிடையின் இரண்டு ஆண்டுகள்

பின்னணி

கடலூர் மாவட்டத்தின் தென்பகுதியில் நான் கால்நடை மருத்துவராக வேலை பார்க்கிறேன். தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கியதும் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து செம்மறிக் கிடைகள் எங்கள் பகுதிக்கு வரத் தொடங்கும். பகலில் அறுத்த வயலில் மேயும். இரவில் யார் வயலில் கிடை கட்டப் பேசியிருக்கிறார்களோ அங்கே படுக்கும். புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு, கூலி கிடையை நடத்தும் கீதாரிக்கு. ஆவணி வாக்கில் சொந்த ஊருக்குத் திரும்பிவிடுவார்கள்.

இங்கே எழுதுவது அப்படி வரும் ஒரு கிடையைப் பற்றி. மூன்று குடும்பங்களின் ஆடுகள், ஏறக்குறைய அறுநூறு உருப்படி, பெரும்பாலும் ராமநாதபுரம் வெள்ளை இனம். கீதாரிக்கு அறுபது வயதைத் தாண்டிவிட்டது. அவருடைய அப்பா காலத்திலிருந்தே அதே வழிதான்: காளையார்கோவில் பக்கத்திலிருந்து கிளம்பி புதுக்கோட்டை, தஞ்சாவூர், கும்பகோணம் எல்லைகளைத் தாண்டி, அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்து, காட்டுமன்னார்கோயில் வழியாக வீராணம் ஏரிப் பகுதிக்கு. 200 கிலோமீட்டருக்கு மேல் நடை.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஆட்டை ஓட்டிக்கொண்டு வருவது போலத்தான் தெரியும். உண்மையில் எங்கள் பகுதியில் மேய்ச்சல் ஒரே நாளில் திறப்பதில்லை. நெல் அறுப்பதற்குப் பத்து நாள் முன்பே தாளுக்கு நடுவில் உளுந்தோ பயறோ தெளித்துவிடுவார்கள். அந்த வயல்களுக்குள் பங்குனி, சித்திரை வரை ஆடு வாய் வைக்க முடியாது. அதுவரை உளுந்து போடாத மேட்டு வயல், ஏரிப் புறம்போக்கு, வாய்க்கால் கரை என்று துண்டு துண்டாகத்தான் மேய வேண்டும். உளுந்து பிடுங்கியதும் பள்ளத்து வயல்கள் திறக்கும். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். தண்ணீர் வடவாறு வழியாக வந்து உழவு தொடங்கினால் மறுபடி மேட்டுக்கு, விருத்தாசலம் பக்கத்து மானாவாரி நிலங்களுக்கு ஒதுங்க வேண்டும். எந்த வாரம் எந்தத் துண்டு என்பது கீதாரிக்குத் தெரியும். ஆடுகளுக்கும் தெரியும் என்பதை நான் புரிந்துகொள்ள 2024 வரை ஆனது.

2023 மழைக்காலம்

அந்த ஆண்டு ஐப்பசியில், ஊர் திரும்பியிருந்த கிடையில் நீலநாக்கு நோய் புகுந்தது. கொசுவைவிடச் சிறிய கடிபூச்சிகள் பரப்பும் நோய் இது. மழைக்காலத்தில்தான் அதிகம். முன்கூட்டித் தடுப்பூசி போட வேண்டிய நாட்களில் கிடை நடையில் இருந்தது. வாய் புண்ணாகி, முகம் வீங்கி, குளம்பின் மேல்விளிம்பு சிவந்து, ஆடுகள் நிற்க முடியாமல் விழுந்தன. நூறுக்கு மேல் செத்தன.

கையில் காசு வேண்டியிருந்ததால், பிழைத்தவற்றில் பல் தேய்ந்த கிழட்டு ஆடுகளைக் கறிக்கு விற்றார்கள். ஏழு, எட்டு ஈத்து கண்டவை அவை. இனி ஒரு ஈத்துதான் வரும், அதுவும் குட்டிக்குப் பால் போதாது என்பது கணக்கு. கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். கிழடு கழித்து இளசு வைப்பதுதான் எங்களுக்குப் பாடமாகச் சொல்லித் தந்தது.

எண்ணிக்கையை ஈடுகட்டச் சந்தையில் ஒன்றிரண்டு வயதான இரண்டு பல், நான்கு பல் மறிகளாக, அதாவது பெண் ஆடுகளாக, 180 வாங்கினார்கள். வேறு வேறு ஊர்களின் பட்டி ஆடுகள். வீட்டைச் சுற்றி மேய்ந்தவை, வலசையே போகாதவை.

2024 மாசி: லாரியில் வந்த கிடை

நோயில் அடிபட்ட ஆடுகளை மூன்று வாரம் நடக்க வைக்க வேண்டாம் என்று கீதாரியின் மகன் லாரி பேசினார். ஒரே இரவில் கிடை காட்டுமன்னார்கோயில் பக்கம் இறங்கியது. இப்போது பல கிடைகள் அப்படித்தான் வருகின்றன. அவர் முடிவில் அப்போது தவறு எதுவும் தெரியவில்லை.

நான்காம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள். ஆடு நடக்க மறுக்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை, அசை போடுகின்றன, தின்கின்றன. ஆனால் கிடை நகரவில்லை. கீதாரி முன்னால் நடந்து குரல் கொடுத்தால் பழைய ஆடுகளில் கொஞ்சம் அவர் பின்னால் வந்தது. மற்றவை நின்ற இடத்தில் நின்றன, அல்லது பக்கவாட்டில் சிதறின. மகனும் இன்னொருவரும் பின்னாலிருந்து விரட்டினால் கூட்டம் சுருண்டு வட்டமாகச் சுற்றியது.

நீலநாக்கு கண்ட ஆட்டுக்குக் குளம்பு வலி நீண்ட நாள் நிற்கும். அந்த எண்ணத்திலேயே குளம்புகளைப் பார்த்தேன். சிலவற்றில் பழைய கோடு இருந்தது. வலிக்கு மருந்து கொடுத்து, ஐந்து நாள் ஓய்வு சொன்னேன். ஐந்து நாளுக்குப் பிறகும் அதே கதை. அப்போது கீதாரிப் பெரியவர் சொன்னது: “காலுல ஒண்ணுமில்ல டாக்டரம்மா. எங்க போறோம்னு அதுகளுக்குத் தெரியல. தெரிஞ்சதெல்லாம் கறிக்கடைக்குப் போயிருச்சு.”

அவர் மனக்கஷ்டத்தில் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அதை அன்றே ஒரு தகவலாக எழுதி வைத்திருக்க வேண்டும். அந்தக் கிடையில் நான் செய்த முதல் பிழை அது.

சிறுபாலத்தில் பார்த்தது

சேத்தியாத்தோப்புக்குத் தெற்கே, கும்பகோணம் போகும் நாற்கரச் சாலையின் அடியில் மழைநீர் வடிய ஒரு சிறுபாலம் உண்டு. ஆள் குனிந்து போகும் உயரம். கிடைகள் அதன் வழியாகத்தான் சாலையைக் கடக்கும். மேலே ஏறினால் லாரிகள்.

பங்குனியில் ஒரு காலை அங்கே நின்று பார்த்தேன். சந்தை ஆடுகளுக்கு முதுகில் நீலச் சாயம் பூசியிருந்ததால் பிரித்துப் பார்க்க முடிந்தது. பெரியவர் பாலத்துக்குள் புகுந்து மறுபக்கம் போய்க் குரல் கொடுத்தார். முன்வரிசை வாசலில் நின்றது. உள்ளே இருட்டு, தரையில் ஈரம். ஒரு ஆடு தலையை நீட்டி முகர்ந்து பின்வாங்கியதும் பின்னால் நின்ற நூறும் சேர்ந்து பின்வாங்கியது. அரை மணி நேரம் இப்படிப் போனது.

அப்புறம் நடுக்கூட்டத்திலிருந்து இடது காது கிழிந்த ஒரு மறி மெல்ல முன்னே வந்தது. நோய்க்கும் விற்பனைக்கும் தப்பிய பழைய ஆடுகளில் ஒன்று. வாய் பிளந்து பார்த்திருக்கிறேன், முன்பற்கள் பாதிக்கு மேல் தேய்ந்தவை. வாசலில் மூக்கைத் தரையோடு வைத்து இரண்டு மூச்சு இழுத்தது. தலையைத் தூக்கவில்லை, முகர்ந்தபடியே உள்ளே நடந்தது. அதன் பின்னால் அதன் குட்டி, குட்டிக்குப் பின்னால் சாயமில்லாத ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாக. நீலச் சாயம் பூசியவை கடைசியில்தான் போயின. அவற்றிலும் சுமார் நாற்பது போகவே இல்லை. தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

செம்மறியின் நான்கு கால்களிலும் குளம்புப் பிளவுக்கு நடுவில் ஒரு சுரப்பி இருக்கிறது. நடக்க நடக்க அதன் வாடை தரையில் படியும். முந்தைய கிடை ஏதாவது அந்த வாரம் போயிருக்கலாம். ஆனால் வாடை எல்லா ஆட்டுக்கும் பொதுவாகத்தானே இருந்தது. அதை முகர்ந்து துணிந்து உள்ளே போனது முன்பு போய் வந்த ஆடு மட்டும்தான்.

மே மாதத்து இரவு

2024 மே மாதத்தில் கோடை மழை கனமாகப் பெய்தது. அப்படி ஒரு இரவு கிடை பள்ளத்து வயலில் கட்டியிருந்தது. பக்கத்திலேயே இருநூறு அடி தூரத்தில் மேட்டுத் திடல். முந்தைய ஆண்டுகளில் அதே வயலில் மழை வந்தபோது, ஆள் எழுந்திருக்கும் முன்பே ஆடுகள் கிளம்பித் திடலுக்குப் போய்விட்டிருக்கும் என்கிறார் பெரியவரின் மனைவி. அவர்தான் இரவில் குட்டிகளை அடைக்கும் கூடையோரம் படுப்பவர். கிடையின் நடமாட்டம் மற்றவர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அன்று ஆடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டித் தள்ளாடி நகர்ந்தன. வழி தெரியாத செம்மறி புயல் காற்றில் அப்படித்தான் செய்யும். காற்று அடித்த திசையில் வாய்க்கால் இருந்தது. முன்னால் போனவை விழ, பின்னால் வந்தவை அவற்றின் மேல் விழுந்தன. விடிந்து நான் போனபோது வாய்க்கால் கரையில் 23 ஆடுகளை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். அந்த அம்மாள் ஒவ்வொன்றின் முதுகையும் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். 19 நீலச் சாயம் பூசியவை.

பிரேதப் பரிசோதனையில் நோய் எதுவும் இல்லை. மூச்சுக்குழாயில் சேறும் நீரும்தான். அறிக்கையில் “நீரில் மூழ்கி இறப்பு” என்று எழுதினேன். அது சரிதான், ஆனால் போதாது.

மற்ற இடங்களில் தெரிந்திருப்பது

அதன் பிறகுதான் மேய்ச்சல் விலங்குகள் வலசை வழியை எப்படிக் கண்டுபிடிக்கின்றன என்று தேடிப் படித்தேன். பெரியவர் சொன்ன அதே விஷயத்தை வேறு தேசத்தில் அளந்து வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் பிக்ஹார்ன் எனப்படும் பெருங்கொம்புக் காட்டுச் செம்மறிகள் பல மலைகளில் அழிந்துபோயின. பிறகு வேறு மலைகளிலிருந்து பிடித்து வந்து விட்டார்கள். வயோமிங் பல்கலைக்கழகக் குழு ஒன்று இப்படி விடப்பட்டவற்றுக்கும் காலம் காலமாக அங்கேயே வாழ்ந்த மந்தைகளுக்கும் ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை கட்டி ஒப்பிட்டு 2018-இல் வெளியிட்டது. பழைய மந்தைகளில் பெரும்பாலானவை கோடையில் மேலே, குளிரில் கீழே என்று வலசை போயின. புதிதாக விடப்பட்டவற்றில் பத்தில் ஒன்றுகூடப் போகவில்லை. உடல் ஒன்று, இனம் ஒன்று, மலையில் புல்லும் இருக்கிறது. ஆனால் எப்போது எந்தச் சரிவில் தளிர் விடும் என்று அவற்றுக்குத் தெரியவில்லை. விட்டுப் பல பத்தாண்டுகள் ஆன மந்தைகளில் வலசை போகும் பங்கு மெல்லக் கூடியது. மந்தையில் பெரும்பாலானவை வலசை பழகப் பெருங்கொம்பு ஆட்டுக்கு நாற்பது ஆண்டு போல, மூஸ் மானுக்குத் தொண்ணூறு ஆண்டு போல ஆகும் என்பது அவர்கள் கணக்கு. ஒரு ஆட்டின் ஆயுளைவிட இது பல மடங்கு நீளம். தாய் கொஞ்சம் கற்றுத் தன் குட்டிக்குக் காட்டி, அந்தக் குட்டி இன்னும் கொஞ்சம் சேர்த்து, அப்படித்தான் வழி உருவாகிறது.

மலையில் வசந்தம் வரும்போது தளிர் அடிவாரத்தில் முதலில் வந்து, வாரம் வாரமாக மேலே ஏறும். இளம்புல்லில்தான் சத்து அதிகம். அதைத் தொடர்ந்து ஏறுவதைப் ‘பச்சை அலை’யோடு போவது என்கிறார்கள். வீராணத்தில் மேட்டு வயல் முதலில், உளுந்து வயல் பிறகு என்று திறப்பதும் எனக்கு அதே அலையாகத்தான் தெரிகிறது. வயோமிங்கில் மியூல் மான்கள் 240 கிலோமீட்டர் வலசை போகின்றன. அவை கண்ணுக்குத் தெரியும் புல்லைப் பார்த்து மட்டும் போவதில்லை, முந்தைய ஆண்டு போன வழியின் நினைவே முக்கியம் என்று 2019-இல் காட்டியிருக்கிறார்கள்.

எங்கள் நிலைக்கு மிக நெருக்கமானது இங்கிலாந்தின் மலைப் பகுதிச் செம்மறிகள். வேலியில்லாத மலையில் ஒவ்வொரு மந்தையும் தன் எல்லைக்குள்ளேயே மேயும். அந்த எல்லையைக் குட்டி தாயிடமிருந்து கற்கும். 2001-இல் கோமாரி நோய் பரவியபோது கம்ப்ரியா போன்ற இடங்களில் மந்தை மந்தையாகக் கொன்றார்கள். பிறகு புது ஆடுகளைக் கொண்டு வந்தபோது எல்லை பழகும்வரை அவற்றை ஆள் வைத்தும் வேலி போட்டும் மேய்க்க வேண்டியிருந்தது. இழந்தது ஆட்டை மட்டுமல்ல என்று அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

எதிர்ப்பக்கத்து உதாரணத்தையும் சொல்ல வேண்டும். போட்ஸ்வானாவில் 1968 முதல் 2004 வரை ஒரு கால்நடை வேலி வரிக்குதிரைகளின் வழியை அடைத்திருந்தது. வேலியை எடுத்த சில ஆண்டுகளிலேயே அவை பழைய வலசையைத் தொடங்கிவிட்டன. வேலிக்கு முன்பு போன குதிரை எதுவும் அப்போது உயிரோடு இருந்திருக்க முடியாது. ஆகவே நினைவு மட்டுமே எல்லாம் என்று சொல்ல முடியாது. மழையையும் புல்லையும் பின்தொடர்ந்தே திறந்த வெளியில் வழி கண்டுவிடலாம். எங்கள் பகுதி திறந்த வெளி இல்லை. சாலை, வாய்க்கால், உளுந்து வயல் எல்லாம் சேர்ந்து ஆடு போகக்கூடிய இடம் ஒரு நூல் அகலம்தான். இங்கே தேடிக் கற்றுக்கொள்ள ஆட்டுக்கு இடம் இல்லை.

எடுத்த முடிவுகள்

2024 ஆடியில் மூன்று குடும்பங்களோடும் உட்கார்ந்து பேசினோம். மகன் லாரியை விட மனமில்லாமல் இருந்தார். நடை என்றால் மூன்று வாரம், வழியில் திருட்டு, வண்டி மோதும் பயம். அவர் பக்கம் நியாயம் இருந்தது. பெரியவர் அதிகம் பேசவில்லை. “ஒரு வருசம் நடத்திப் பாப்போம்ப்பா” என்றார், அவ்வளவுதான்.

முதல் முடிவு, அந்த ஆண்டு திரும்பும் வழியையும் 2025-இல் வரும் வழியையும் முழுக்க நடப்பது. லாரியில் இருட்டுக்குள் ஏற்றி இறக்கும் ஆட்டுக்கு நடுவில் இருக்கும் 200 கிலோமீட்டர் கிடையாது.

இரண்டாவது, எஞ்சியிருந்த பழைய ஆடுகளைப் பல் பார்த்துக் கழிப்பதில்லை. அவற்றில் 31 இருந்தன. குட்டி ஈனாவிட்டாலும் வைத்துக்கொள்வது. இதற்கு நான்தான் அதிகம் வாதாட வேண்டியிருந்தது, ஏனென்றால் தீனி அவர்களுடையது.

மூன்றாவது பெரியவரின் யோசனை. அதே வழியில் வரும் மைத்துனரின் கிடையிலிருந்து 14 பழைய மறிகளை ஒரு வலசைக்கு இரவல் வாங்குவது. ஈனும் குட்டிகள் மைத்துனருக்கே. எனக்கு இதில் ஒரு தயக்கம் இருந்தது. செம்மறி ஐம்பது ஆட்டு முகங்களை இரண்டு ஆண்டுக்கு மேல் நினைவில் வைத்திருக்கும் என்று 2001-இல் இங்கிலாந்தில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். அறிமுகமில்லாத ஆட்டின் பின்னால் கிடை போகுமா? அதனால் புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே அவற்றைச் சேர்த்து அடைக்கச் சொன்னேன்.

இதோடு தடுப்பூசியைத் திரும்பும் நடையின்போதே, புரட்டாசிக்கு முன்பு, வழியிலேயே போட ஏற்பாடு செய்தோம். அது தனிக் கதை. நோய் மறுபடி வரவில்லை.

2025: தொடர்ந்து நடந்தது

கிடை 22 நாள் நடந்து மாசி முதல் வாரத்தில் வந்தது. வழியில் இரண்டு ஆடுகள் வண்டியில் அடிபட்டன. மகன் அதை என்னிடம் போனிலேயே சொன்னார், குரலில் கோபம் இருந்தது.

அதே சிறுபாலத்தில் மறுபடி போய் நின்றேன். காது கிழிந்த மறியும் இரவல் ஆடுகளில் நான்கைந்தும் முன்னால் வந்தன. கூட்டம் முழுவதும் பன்னிரண்டு நிமிடத்தில் கடந்தது. எதையும் தூக்க வேண்டியிருக்கவில்லை. சென்ற ஆண்டு வழியில் பிறந்த மறிக்குட்டிகள் இப்போது பாதி வளர்ந்து தாய்க்கு ஒட்டியே நடந்தன. சந்தை ஆடுகளில் சில நடுக்கூட்டத்துக்கே வந்துவிட்டிருந்தன.

எல்லாம் சரியாகிவிடவில்லை. மைத்துனரின் கிடை இரண்டு கிலோமீட்டருக்குள் வந்த நாட்களில் இரவல் ஆடுகளில் மூன்று திரும்பத் திரும்ப அங்கே ஓடிப்போயின. ஒரு தடவை அவற்றின் பின்னால் எண்பது ஆடுகள் சேர்ந்து போய், ஒரு விவசாயியின் உளுந்தில் இறங்கிவிட்டன. நஷ்டஈடு கொடுத்தார்கள். வழி காட்டும் ஆடு தனக்குத் தெரிந்த இடத்துக்குத்தான் காட்டும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை.

சித்திரைக் கடைசியில் ஒரு இரவு இடியோடு மழை. கிடை அதே பள்ளத்துப் பக்கம். பெரியவரின் மனைவி எழுந்து டார்ச் அடித்தபோது முன்வரிசை திடலில் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு கூட்டம் காற்றோடு வாய்க்கால் பக்கம் திரும்பியது. மகன் குறுக்கே ஓடி மறித்தார். ஒரு குட்டி மட்டும் போனது.

ஒரு கிடையின் ஒரு வலசையை வைத்து எது எதனால் என்று நான் பிரித்துச் சொல்ல முடியாது. நடை, பழைய ஆடு, இரவல் ஆடு, ஒரு வருடப் பழக்கம் எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கிறது. பெரியவரும் அந்த ஆண்டு கூடுதல் கவனமாக இருந்தார். இருந்தாலும் சிறுபாலத்தில் முன்னால் நின்ற ஆடுகள் எவை என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

இனி மாற்றிக்கொள்வது

கிடை ஆட்டைப் பார்க்கும்போது நான் இப்போது இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்கிறேன்: இவற்றில் எத்தனை இந்த வழியை நடந்தவை? அவை எங்கே நிற்கின்றன? நடக்க மறுக்கும் ஆட்டுக்குக் குளம்பைப் பார்ப்பது சரிதான். காய்ச்சலும் நொண்டலும் இல்லாதபோது ஐந்து நாள் மருந்து கொடுத்துக் காத்திருக்க மாட்டேன்.

நோய்க்குப் பிறகு கிழடு கழிக்கச் சொல்லும் ஆலோசனையை வலசைக் கிடைக்கு நான் கொடுப்பதில்லை. சந்தையில் வாங்கியே ஆக வேண்டுமென்றால் ஒரே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு புது ஆடு வேண்டாம், இரண்டு மூன்று ஆண்டாகப் பிரித்து வாங்குங்கள் என்கிறேன். இரவல் ஆடு வாங்கினால் அதன் சொந்தக் கிடை வேறு திசையில் மேயும்படி முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். புது ஆடுகள் இருக்கும் முதல் ஆண்டில் கோடை மழை நாட்களில் பள்ளத்து வயலுக்குக் கிடை பேச வேண்டாம் என்றும் சொல்கிறேன். கூலி கொஞ்சம் குறையும்.

லாரி வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்தக் குடும்பமே அடுத்த வலசைக்கு ஒரு சமரசம் செய்திருக்கிறது: குட்டி போட்ட ஆடுகளும் நொண்டிகளும் வண்டியில், மற்றவை நடையில்.

ஆவணியில் கிளம்பும் முன் ஊட்டச்சத்துக் குறைவு பார்க்க வாய் பிளந்து பார்த்தேன். காது கிழிந்த மறிக்கு முன்பற்களில் இரண்டு விழுந்துவிட்டன. நீளமான புல்லை அதனால் கடித்து இழுக்க முடியவில்லை. மகன் தினமும் கருவேலங்காயும் கொஞ்சம் தவிடும் தனியாக அதற்கு வைக்கிறார். அதன் இரண்டு மறிக்குட்டிகளின் காதிலும் சிவப்பு நூல் கட்டியிருக்கிறார்கள், விற்பனைக்கு இல்லை என்று.